பெட்டி முதலில் யாரிடம் பேச வேண்டும்

பாசத்துக்குரிய மலர் அக்காவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் குளுவாங் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடையில் ராஜேந்திரன் அண்ணனைப் பார்த்தேன். நம் பெட்டியை முதன்முதலில் தன் பேருந்தில் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தவர். அவரோடு புதிதாக ஒரு ஓட்டுநர் இருந்தார். "இவங்கதான் நம்ம மலரோட தங்கச்சி" என்று அண்ணன் சொன்னதும் அந்த மனிதர் சட்டென்று எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உன்னைப் பார்த்ததே கிடையாது. கேள்விப்பட்டதற்கே இந்த மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமாம் அக்கா, பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு வரவில்லை. நீ இருந்த காலத்தில் பட்டதைவிட இப்போதுதான் அதிகம். அப்போதெல்லாம் நீ அவ்வப்போது ஏதாவது தப்பு செய்வாய், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். செத்த பிறகு நீ தப்பே செய்வதில்லை.

கோலாலம்பூருக்குப் போய்த் தத்துவம் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது அப்பா உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் கணினி படிக்கப் போனபோது வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். உன்னை நான் முந்தியது அந்த ஒரு தடவைதான். அதுவும் நிலைக்கவில்லை. பத்து பாகாட் ஊரிலுள்ள துணி ஆலை ஒன்றில் மனிதவளப் பிரிவுக்கு நீ வேலைக்குப் போனாய். கொஞ்ச நாளில் அங்கே வேலை செய்பவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு குளுவாங் வரைக்கும் நம் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். என் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தது சம்பளச் சீட்டு மட்டும்தான்.

அந்த ஆலையின் பேருந்து ஒரு விடியற்காலையில் சாலையை விட்டு இறங்கி வாய்க்காலில் சாய்ந்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர் கண் அசந்திருக்கிறார். அன்றைக்கே அவருடைய வேலை போயிற்று. நீ வீட்டுக்கு வந்து, சோற்றில் கையை வைத்தபடி என்னைக் கேட்டாய்.

"கயலு, மத்த டிரைவருங்க இதுலேர்ந்து என்னா கத்துக்கிட்டாங்க சொல்லு?"

"வண்டி ஓட்டும்போது தூங்கக் கூடாதுன்னு."

"இல்ல. தூக்கம் வந்தா வெளிய தெரியக் கூடாதுன்னு."

நம் பெட்டி அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பிறந்தது. ஓட்டுநரின் இமையைப் பார்க்கும் ஒரு கேமரா, பேச ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஆனால் வெளியில் கிடைத்த மென்பொருள், விடியல் இருட்டில் நம் ஆட்களின் கறுத்த முகத்தைக் கண்டாலே தடுமாறியது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் சுத்தம். அதையெல்லாம் சரிசெய்தவள் நான். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தேன். இன்றுவரை ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் விசாரித்ததில்லை. பெட்டி என்ன பேச வேண்டும் என்பதை நீ ஒரு மத்தியானம் எழுதிக் கொடுத்தாய். "அண்ணே, கண்ணு சோர்ந்திருக்கு. முன்னால எங்கயாச்சும் ஓரமா நிறுத்திக்கலாமா?" மலாய் ஓட்டுநர்களுக்கு, "பாங், ரெஹாட் டுலு", அண்ணே, கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று. எல்லாரும் அந்த வரிகளைத்தான் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். ஓட்டும்போது பெட்டியோடு பேச்சுக் கொடுப்பவர்களும் உண்டு.

ஹார்ட்வேர் கடைக்கு மேலே, மின்விசிறி கிறீச்சிடும் அந்த அறையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? தூக்கத்தைக் கண்டதும் பெட்டி நேராகப் பேருந்து நிறுவனத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றேன் நான். முதலில் ஓட்டுநரிடம்தான் பேச வேண்டும் என்றாய் நீ. அவர் நிறுத்தி ஓய்வெடுத்தால் விஷயம் அவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கட்டும். கேட்காமல் ஓட்டிக்கொண்டே போனால் மட்டும் அலுவலகத்துக்குத் தெரியட்டும்.

"சட்டம் என்னா சொல்லுதுன்னு பாத்தாச்சு. யாருக்கு எவ்ளோ நன்மைன்னும் பாத்தாச்சு. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு" என்று நீ ஆரம்பிப்பாய். இந்தப் பெட்டி ஒரு மனுஷனாக இருந்தால் எப்படிப்பட்ட மனுஷன்? இவனோடு தினமும் பழகுகிற ஓட்டுநர் நாளாக நாளாக எப்படிப்பட்டவராக ஆவார்? நேர்மையும் துணிவும் நிதானமும் விதிகளைப் படித்து வருவதில்லை, செய்து செய்து பழகித்தான் வரும், நாம் செய்யும் கருவி அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கிறதா, இல்லை அதைப் பிடுங்கிக்கொள்கிறதா என்பாய். தொட்டதற்கெல்லாம் கத்தும் பெட்டி நச்சரிப்பவன். கடைசிவரை வாய் திறக்காத பெட்டி கோழை. எப்போது, யாரிடம், எந்தக் குரலில் சொல்வது என்று தெரிந்ததுதான் நல்ல பெட்டி. நீ படித்த படிப்பில் இதற்கு நற்குண அறம் என்று பெயராம். எனக்கு அப்போது அது உன் இன்னொரு சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

"பின்னாடி ஒரு பஸ் நிறைய ஜனம் தூங்கிக்கிட்டு வருது. அவங்களுக்கு டிரைவரோட குணமா முக்கியம்? உயிரு முக்கியம் லா" என்றேன். இன்றைக்கும் அது நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். நீ அதற்கு முழுதாகப் பதில் சொன்னதில்லை, அக்கா.

முடிவு சொல்ல வேண்டியவர் சாகுல் பாய். குளுவாங்கிலிருந்து செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்துகளுக்குச் சொந்தக்காரர். நம் பெட்டியை வாங்க முன்வந்த ஒரே முதலாளி. நான் வரைபடங்களோடு போனேன். கலர் கலராக. அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே பொறுமையாகப் பார்த்தார். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"பாய், உங்க மகன் ஒரு தப்பு பண்ணப் போறான்னு உங்களுக்குத் தெரியுது. மொதல்ல அவன்கிட்ட சொல்லுவீங்களா, போலீஸ்கிட்ட சொல்லுவீங்களா?"

பாய் சிரித்துவிட்டார். "மலர் பாப்பா சொல்றபடியே செய்யுங்க" என்றார். என் வரைபடங்களின் மேல் தேத்தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்து போனார். வட்டமாகக் கறை படிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் காரில் நான் உன்னோடு பேசவில்லை. நீ வானொலியைப் போட்டுப் பாடிக்கொண்டே வந்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். கொசுவால் வந்த டிங்கி என்று தெரிந்த பிறகும் நீ மருத்துவமனைக் கட்டிலில் தாதியரோடு கதை பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு சண்டைகூட மிச்சம் வைக்காமல் போய்விட்டாய்.

உன்னை எடுத்த அன்று ஓட்டுநர்கள் பேருந்துகளை நம் தாமான் குடியிருப்புச் சாலை ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம் ஆட்கள், எல்லாரும். வாசலில் நின்று வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். அழுகையோடு சேர்ந்தேதான் அந்த நினைப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இனி, நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

சாகுல் பாய்க்குப் பெரிய தொழிற்சாலை ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தது. அவர்கள் ஓட்டுநர்களைப் பற்றித் தினமும் அறிக்கை கேட்டார்கள். பாய் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "கயலு, நீ அப்ப சொன்னியே, நேரா ஆபீஸுக்கே வர்ற மாதிரி. அத பண்ணிக் குடு மா. யாரு கொட்டாவி விட்டா, யாரு வண்டிய நிறுத்துனா, எல்லாம் எனக்கு வந்துரணும்."

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். உள்ளுக்குள் துள்ளினேன். கடைசியில் என் பெட்டி! உன் வரிகளை நிறுத்திவிட்டு வெறும் மணி ஒலியை வைத்தேன். ராஜேந்திரன் அண்ணனின் பேருந்தையும் சேர்த்துச் சில வண்டிகளில் மாற்றினோம். முதல் வாரமே பாயின் அறிக்கைத் திரை பளிச்சென்று ஆகிவிட்டது. தூக்கம் இல்லை, நிறுத்தம் இல்லை, எல்லாம் பச்சை. பாய் வாட்சாப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் அம்மாவிடம் அலைபேசியை நீட்டிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. மலருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு" என்று உன் படத்தைக் கைகாட்டினாள் அம்மா. நான் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பச்சை என்னை உறுத்தியது. உன் பெட்டி இருந்தவரை இதே ஆட்கள் அடிக்கடி நிறுத்தி ஓய்வெடுத்தார்கள். திடீரென்று ஒருவருக்கும் தூக்கம் வரவில்லையா? கேமராப் படங்களை எடுத்துப் பார்த்தேன். இருட்டோடு இருட்டாக ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொருவர் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார். மறுநாள் விடிவதற்கு முன்பே போய் ராஜேந்திரன் அண்ணனின் பேருந்தில் ஏறிக்கொண்டேன்.

"என்னம்மா, நீங்களே வர்றீங்க?" என்றார். வாயில் சிலி பாடியைப் போட்டு மென்றுகொண்டே இருந்தார். மிளகாயின் காரத்தில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. லாயாங் லாயாங் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் மட்டும் இருக்கும் இடத்தில் வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. சக்கரம் சாலை ஓரத்துச் சரளைக்கல்லில் இறங்கிக் கடகடவென்று அதிர்ந்தது.

"அண்ணே!"

அவர் திடுக்கிட்டு வண்டியைத் திருப்பிச் சாலைக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஒரு பெண் "ஐயோ" என்றாள். மற்றவர்கள் தூக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, திரும்பவும் தூங்கிப்போனார்கள்.

"நிறுத்துங்க அண்ணே."

"ஒண்ணுமில்லம்மா. போயிரலாம்."

"நிறுத்துங்கன்றேன்!"

"நிறுத்துனா ஆபீஸ்ல தெரிஞ்சிரும்மா. அப்புறம் பாய்கிட்ட யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நிறுத்துங்க."

பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை ஓரம் கட்டினார். கையை ஸ்டீயரிங்கில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான், குறட்டை வந்துவிட்டது. "ஐயோ" என்று கத்திய அந்தப் பெண் எழுந்து வந்து, "லேட்டானா சூப்பர்வைசர் ஏசுவாரே" என்றாள். பிறகு அவர் தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் துப்பட்டாவை மடித்து அவர் தலைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெட்டியால் அதைச் செய்ய முடியாது. உன்னுடையதாலும்தான்.

அவர் எழுந்ததும் கேட்டேன். "நேத்து எப்பண்ணே படுத்தீங்க?"

"ராத்திரி ஷிப்டு ஆளுங்கள வீட்ல எறக்கிவிட்டுட்டு வந்து படுக்குறதுக்குள்ள, கெளம்புற நேரம் வந்துருச்சு."

"தெனமுமா?"

"ஆளு பத்தலையாம். பாய் என்னா பண்ணுவாரு."

அந்தப் பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டுதான் அக்கா, எனக்கு அது பிடிபட்டது. என் பெட்டி ஓட்டுநரைப் பொய் சொல்லப் பழக்கியது. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் நீ சொன்னதுதான் சரி. ஆனால் உன் பெட்டி? அது அவரிடம் அன்பாகப் பேசியது. அவர் நேர்மையாக நிறுத்தினார், கொஞ்சம் கண்ணை மூடினார், திரும்பவும் ஓட்டினார். நாமும் பெட்டி வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அவருக்கு ஏன் தூக்கம் வருகிறது என்று நீ கேட்கவில்லை. தூங்க நேரமே இல்லாத மனிதனிடம் நிதானத்தையும் துணிவையும் எதிர்பார்த்து என்ன பயன்? பெட்டி எப்படிப்பட்ட நண்பன் என்று கேட்டாய். ஓட்டுநர் எப்படிப்பட்டவராக ஆவார் என்று கேட்டாய். சாகுல் பாய் எப்படிப்பட்டவராக ஆவார் என்று கேட்டாயா? உன் பெட்டி அவரை ஒன்றுமே தெரியாதவராக, நிம்மதியாக உட்காரவைத்தது. என்னுடையது அவரைப் போலீஸாக்கியது. நல்ல முதலாளியாகப் பழக அவருக்கு நாம் இருவருமே இடம் கொடுக்கவில்லை.

மலர் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறாள்! நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன்! விடிந்துகொண்டிருந்த அந்த இடத்தில், ஒரு பேருந்து நிறைய ஆட்கள் தப்பித்த கொஞ்ச நேரத்தில், எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வந்தது. அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மூன்றாவது பெட்டியைச் செய்தேன். ஓட்டுநரிடம் முதலில் பேசுவதைத் திரும்பக் கொண்டுவந்தேன், உன் வரிகளோடு. தொழிற்சாலை கேட்ட அறிக்கையில், சொன்னதைக் கேட்காமல் ஓட்டியவர்கள் மட்டும் வருவார்கள். கூடவே ஒன்று சேர்த்தேன். பாய் மாலையில் மறுநாள் வேலைப் பட்டியலைப் போடும்போது, இரவு வண்டி ஓட்டிய அதே ஆளை விடியல் வண்டிக்கும் போட்டால் திரை அவரிடம் கேட்கும். "இவர் எப்போது தூங்குவார்?" பாய் அதற்குத் தன் கையால் பதில் எழுதினால்தான் பட்டியல் நகரும். நான் அதைத் தடுக்கவில்லை. கேட்க மட்டும் வைத்தேன். தினமும் கேட்டால் ஒரு மனிதன் என்ன ஆகிறான் என்று பார்க்க நினைத்தேன்.

பாய் கொதித்துவிட்டார். "பொட்டி என்னைக் கேள்வி கேக்குதா? காசு குடுத்து வாங்குனது நானு!"

"டிரைவர மட்டும் கேட்டா போதுமா பாய்?"

"நீ ரொம்ப பேசுற கயலு. மலர் இருந்தா இப்படி பேசுவாளா?"

"பேசியிருக்க மாட்டா. அவளுக்கு இது தோணவே இல்ல."

அவர் பெட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். நான் கழற்றினேன். அவரை விட்டால் நமக்கு வேறு ஆள் கிடையாது, உனக்கே தெரியும். அறையைக் காலி செய்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலை தேட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த நாட்களில் உன்னைத்தான் அதிகம் திட்டினேன். நீ இருந்திருந்தால் போலீஸ், மகன் என்று எதையாவது கேட்டு, அவரைச் சிரிக்கவைத்து, காரியத்தை முடித்திருப்பாய். எனக்கு அது வராது. எனக்கு நேராகத்தான் பேச வரும்.

பிறகு ஒருநாள் பாயே அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"கயலு, அந்தக் கேள்வி இருக்குல்ல. அத மலாய்ல போடாத. தமிழ்லயே போடு."

"ஏன் பாய்?"

"ஆபீஸ்ல கணக்கு எழுதுற என் கெராணி பய பாக்குறான் மா. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

நான் அலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன். பெட்டிகள் திரும்ப ஏறின. பாய் முதலில் சில நாள் அந்தக் கேள்விக்கு "தெரியாது" என்றே எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் பட்டியலை மாற்றினார். அப்புறம் ஒரு ஆளை வேலைக்குச் சேர்த்தார். காப்பிக்கடையில் எழுந்து நின்றாரே, அவர்தான்.

போன ஞாயிறு உனக்கு வருஷத் திதி கொடுத்தோம். ஓட்டுநர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சாகுல் பாய் பழக்கூடையோடு வந்து உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "இன்னைக்கு நம்ம டிரைவருங்க நல்லா தூங்கி எந்திரிச்சு வண்டி எடுக்குறாங்கன்னா, அதுக்கு மலர் பாப்பாதான் காரணம். அது போட்ட வழி."

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன்.

"பாய், அது அக்கா யோசனை இல்ல. என் யோசனை."

சத்தமாகவே வந்துவிட்டது. ஒரு சாவு வீட்டு விசேஷத்தில் பேசும் பேச்சா அது? அம்மா என்னை முறைத்தாள். ராஜேந்திரன் அண்ணன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் அசையவில்லை. அக்கா, அந்த நேரத்தில் நீ உயிரோடு எழுந்து வந்திருந்தாலும் நான் அதை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

பாய் என்னையே பார்த்தார்.

"அப்படியா? அப்ப உன்னையத்தான் ஏசணும். அந்தக் கேள்விய பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட. அன்று முழுவதும் ஓட்டுநர்களின் மனைவிமார் ஒவ்வொருவராக வந்து என்னிடம் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். மணி ஒலி குழந்தை அழுவதுபோல இருந்ததாம். கேமராவின் சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறதாம். உன்னிடம் யாரும் குறை சொன்னதில்லை, புகழ்ந்தார்கள். என்னிடம் குறை சொல்கிறார்கள். அவர்கள் போன பிறகு சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

குறைகளுக்காக அழவில்லை. மூன்றாவது பெட்டியை உன்னிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நீ முகத்தைச் சுளிக்க வேண்டும், "இதுல ஒரு ஓட்டை இருக்கு கயலு" என்று சொல்ல வேண்டும், நான் இல்லை என்று கத்த வேண்டும். நீ வாயைத் திறக்காமல் நான் ஜெயித்தால் அதை எப்படி ஜெயித்ததாக எடுத்துக்கொள்வது? அந்தப் பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்யும். அது எங்கே என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியவில்லை. அதற்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். நீ எழுதிய வரிகளை இனி எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்க மாட்டேன். ஆனால் நான் யோசித்ததை உன் பெயரில் போகவும் விடமாட்டேன், யார் முறைத்தாலும். அந்த ஓட்டையை நானே தேடிக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்த அன்று அம்மா சொல்லாமலே உன் படத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்வேன். நீ சிரித்துக்கொண்டேதான் இருப்பாய், அது தெரியும்.

உன்னோடு போட்டி போட்டே வளர்ந்த, இன்னும் நிறுத்தாத
உன் ஒரே தங்கை,
கயல்விழி
குளுவாங்